தக்கிளி முதல் ஆர்டுயினோ வரை: சேலம் சமவெளிப் பள்ளிகளில் கைவேலையின் வரலாறு

உள்ளங்கையளவு ஒரு மின்னணுப் பலகை, இரண்டு மோட்டார், சக்கரங்கள், தூரத்தையும் வெளிச்சத்தையும் உணரும் சென்சார்கள், ஒரு பேட்டரி, கொத்தாகக் கொஞ்சம் ஒயர். பள்ளிகளில் ரோபாட்டிக்ஸ் கிட் என்று சொல்லப்படும் பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் இவைதான். மாணவர்கள் இவற்றைத் தாங்களே பூட்டி, கணினியில் நிரல் எழுதி, அதைப் பலகையில் ஏற்றினால் வண்டி ஓடும். நிரலை மாற்றினால் அதே வண்டி வேறு விதமாக ஓடும். கடைப் பொம்மைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அது ஒன்றே. சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்து மேச்சேரியைச் சுற்றியுள்ள சமவெளியைப் பொறுத்தவரை இந்தப் பெட்டி புதியது. அதற்குப் பின்னுள்ள இரண்டு எண்ணங்களும் இங்கே பழையவை. எழுதி வைத்த கட்டளைப்படி இயந்திரம் நடக்கும் என்பது ஒன்று. அதை இப்பகுதி நெசவாளர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். கையால் செய்தும் கற்கலாம் என்பது மற்றொன்று. அது பள்ளிக்குள் நுழையப் பட்ட பாடு பெரிது.

நெசவிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஜலகண்டாபுரம், வனவாசி, தாரமங்கலம், இளம்பிள்ளை எனச் சேலத்தின் மேற்கில் நெடுகத் தறி ஊர்கள். பட்டு, பருத்தி, விசைத்தறிச் சேலை என்று சரக்கு மாறினாலும், பூவேலை உள்ள சேலைக்குத் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி வேண்டும். பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஐ ஒட்டி உருவாக்கிய கருவி அது. கோர்வையாகத் தைத்த அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பெட்டிக்குள் வந்து நிற்கும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய கொக்கி மேலே ஏறும், அதோடு இணைந்த பாவு நூலும் எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டு, கொக்கி விலகி, நூல் கீழேயே கிடக்கும். எழுந்த நூலுக்கும் கிடந்த நூலுக்கும் நடுவே ஊடை ஓடிவிட்டால் பூவின் ஒரு வரி முடிந்தது. அடுத்த மிதியில் அடுத்த அட்டை. சேலையின் பூவை மாற்றத் தறியைப் பிரிக்க வேண்டியதில்லை, அட்டைக் கோர்வையை மாற்றினால் போதும்.

துளை உண்டு, துளை இல்லை. இந்த இரண்டு நிலைகளை மட்டும் கொண்டு எத்தனை நுணுக்கமான மயிலையும் மாங்காயையும் சொல்லிவிட முடிகிறது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப் பொறிக்குத் துளையட்டையை இந்தத் தறியிலிருந்தே எடுத்துக்கொண்டார். 1843-இல் அடா லவ்லேஸ் அந்தப் பொறியைப் பற்றி எழுதிய குறிப்புகளிலும் ஜக்கார்டு தறி வருகிறது. கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் பூவை வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் துளை அடித்துத் தந்த சேலத்து வடிவமைப்பாளர்கள் செய்தது, இன்றைய சொல்லில், நிரல் எழுதும் வேலை. அவர்களை யாரும் அப்படி அழைத்ததில்லை. அவர்கள் தெருவிலிருந்த பள்ளிக்கூடத்திலும் அந்த அறிவுக்கு இடம் இருந்ததில்லை. பள்ளி என்றால் எழுத்து, தறி என்றால் குலத்தொழில் என்ற பிரிவினை அவ்வளவு ஆழமாக இருந்தது.

அந்தப் பிரிவினையை உடைக்க நடந்த முதல் பெரிய முயற்சியும் சேலம் மாவட்டத்தோடு தொடர்புள்ளதுதான். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். திருச்செங்கோடு இப்போது இருக்கும் நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். ஆசிரமம் தொடங்கியபோது அதெல்லாம் சேலம் மாவட்டமே. கதர் நூற்பும் நெசவும் ஆசிரமத்தின் மையம். 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடங்களுக்கு நடுவில் வைத்தது. நூற்பை ஒட்டியே கணக்கும் அறிவியலும் சமூகப் பாடமும் வர வேண்டும் என்பது திட்டம். விடுதலைக்குப் பின் சென்னை மாநிலத்தில் ஆதாரப் பள்ளிகளும் அவற்றுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளும் திறக்கப்பட்டன. மாணவர் கையில் நூல் நூற்கும் தக்கிளி சுழன்றது. நூற்ற நூலின் நீளத்தையும் பஞ்சின் எடையையும் வைத்து, அது எவ்வளவு மெல்லிய நூல் என்று சொல்லும் நம்பரைக் கணக்கிடுவது உண்மையில் நல்ல கணக்குப் பாடம். ஆனால் பல இடங்களில் தக்கிளி சுழன்றதோடு பாடம் முடிந்துபோனது. கணக்குக்கும் நூலுக்கும் நடுவே இருக்க வேண்டிய பாலத்தைக் கட்டும் ஆசிரியர் குறைவு.

இரண்டாவது முயற்சி, கைவேலை என்ற சொல்லுக்கே பள்ளியில் கெட்ட பெயரை வாங்கித் தந்தது. 1953-இல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளிகள் போதாத குறையை இரண்டு வேளை முறையால் சமாளிக்கலாம் என்பது அரசின் கணக்கு. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் குலக் கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். நாவிதர் மகன் கத்தியையும் வண்ணார் மகன் வெள்ளாவியையும் விட்டு வெளியேறவே கூடாதா என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இருக்கவில்லை. எதிர்ப்பு நியாயமானது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அதே ஆண்டு மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டார்.

இதன் பின்விளைவு நீண்டது. தமிழ்நாட்டில் கல்வி என்பது கைவேலையிலிருந்து தப்பிக்கும் வழி என்று ஆனது, அப்படி ஆனதற்கு வலுவான காரணம் இருந்தது. பள்ளிகளில் நெசவு, தையல், ஓவிய ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய பாடவேளை தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியருக்குப் போய்விடும். 1978-இல் மேல்நிலை வகுப்புகள் வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. மதிப்பெண் குறைந்தவர்கள் சேரும் இடமாகவே அது பார்க்கப்பட்டது. மறுபக்கம், கோழிப்பண்ணைக்கும் லாரிக்கும் பெயர் பெற்ற நாமக்கல், ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் பெயர் பெற்றது. விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் படிக்க வைத்தார்கள். 2017-இல் அரசு மாநில முதலிட அறிவிப்புகளை நிறுத்தி, அடுத்த கல்வியாண்டிலிருந்து பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

சென்னை மாநிலத்தில் ஆதாரப் பள்ளிகள் திறந்த காலத்திலேயே கடல் கடந்து வேறொரு கதை தொடங்கியிருந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்டர் 1948, 1949-ஆம் ஆண்டுகளில் எல்மர், எல்சி என்ற இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். வெளிச்சத்தை நோக்கி ஊர்வதும், தடை வந்தால் விலகுவதும், பேட்டரி குறைந்தால் கூட்டுக்குத் திரும்புவதும் அவற்றின் இயல்பு. ஆனால் அவற்றுக்குப் புதுக் கட்டளை எழுத முடியாது. பிள்ளைகள் கட்டளை எழுதக்கூடிய ஆமைக்கு வழி செய்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட். ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ஜான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு வந்த அவர், வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து 1967-இல் லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார். சில ஆண்டுகளில் லோகோவுக்குத் தரையில் ஊரும் ஓர் ஆமை கிடைத்தது. முதுகில் கூண்டு, அடியில் பேனா. கணினியில் கட்டளையிட்டால் தரையில் விரித்த தாளில் கோடு போட்டுக்கொண்டே நகரும்.

இந்த ஆமைக்கு முக்கோணம் வரையக் கற்றுக்கொடுக்கும் மாணவரைக் கவனித்தால் பேப்பர்ட் கண்டது விளங்கும். சதுரத்துக்கு நூறு அடி முன்னே போய் 90 பாகை திரும்பு என்பதை நான்கு முறை சொன்னால் போதும். அடுத்து சமபக்க முக்கோணம். பாடநூலில் அதன் கோணம் 60 பாகை. மாணவரும் 60 என்றே எழுதுவார், மூன்று முறை சொல்வார். ஆமை முக்கோணம் போடாமல் பாதி அறுகோணத்தில் போய் நின்றுவிடும். தப்பு எங்கே என்று தேட, மாணவரே எழுந்து தரையில் ஆமையாக நடந்து பார்க்க வேண்டியிருக்கும். அப்போதுதான் தெரியும், ஆமை திரும்புவது உள்கோணத்தில் அல்ல, வெளிக்கோணத்தில், அதாவது 120 பாகை. எந்த மூடிய உருவத்தைச் சுற்றி வந்தாலும் மொத்தத் திருப்பம் 360 பாகை என்ற தேற்றத்தை அவர் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, அதைக் காலால் நடந்து கண்டுகொண்டுவிட்டார். தவறு என்பது மதிப்பெண் குறைக்கும் குற்றம் அல்ல, சரிசெய்ய வேண்டிய ஒரு பிசகு என்பதே பேப்பர்ட் 1980-இல் வெளியிட்ட ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலின் உயிரான கருத்து. தக்கிளிக்கும் கணக்குக்கும் நடுவே விட்டுப்போன பாலம் இதுதான்.

அந்த நூலின் பெயரையே டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1998-இல் தன் ரோபாட்டிக்ஸ் கிட்டுக்கு வைத்தது. எம்.ஐ.டி.யுடன் சேர்ந்து பல ஆண்டுகள் செய்த ஆய்வின் பயன் அது. மஞ்சள் நிறக் கட்டை ஒன்றுக்குள் சிறு கணினி, அதைச் சுற்றி எழுநூறுக்கு மேற்பட்ட துண்டுகள். 2006-இல் என்.எக்ஸ்.டி., 2013-இல் ஈ.வி.3 என்று அடுத்த தலைமுறைகள் வந்தன. பொறியியல் போட்டிகளுக்கும் வசதியான பள்ளிகளுக்கும் அது பொருந்தியது. இந்தியாவிலும் பெருநகரத் தனியார் பள்ளிகள் சில வாங்கின. விலை காரணமாக மேட்டூர் வட்டத்து அரசுப் பள்ளி எதுவும் நினைத்துப் பார்க்கக்கூடிய பொருளாக அது இருக்கவில்லை. மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையை லெகோ 2022 முடிவில் நிறுத்திவிட்டது.

சிற்றூர்களுக்குக் கதவைத் திறந்தது வேறொன்று. இத்தாலியின் இவ்ரேயா நகர வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் 2005-இல் உருவான ஆர்டுயினோ பலகையின் மின்சுற்று வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம், விற்கலாம். அதனால் நகல் பலகைகள் சில நூறு ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தன. அதன் யூனோ வகையில் உள்ள சில்லின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். ஒரு கைப்பேசிப் படத்துக்குக்கூடப் போதாது. ஆனால் ஒரு வண்டியை ஓட்டவும், ஒரு வயலின் ஈரத்தை அளந்து மோட்டாரை நிறுத்தவும் அது தாராளம். 2007-இல் எம்.ஐ.டி. வெளியிட்ட ஸ்கிராட்ச், கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் வண்ணக் கட்டங்களாக இழுத்துப் பொருத்தும் முறையைத் தந்தது. பிரிட்டனில் 2016-இல் பி.பி.சி. பத்து லட்சம் அளவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் என்ற பலகையை இலவசமாகக் கொடுத்தது. கிட் என்பது ஆடம்பரம் என்ற நிலை பத்தே ஆண்டுகளில் மாறிப்போனது.

இந்தியப் பள்ளிகளில் கணினியே 1984-இல்தான் திட்டமாக வந்தது. ‘கிளாஸ்’ எனப்பட்ட அந்தத் திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகள் போயின. கையால் செய்வதற்கான திட்டம் 2016-இல் வந்தது. நிதி ஆயோக்கின் கீழ் அடல் புத்தாக்க இயக்கம், தெரிவான பள்ளிகளுக்கு அடல் டிங்கரிங் ஆய்வகம் அமைக்க 20 லட்சம் ரூபாய் அளித்தது. பாதி கருவிகளுக்கு, மீதி ஐந்தாண்டு நடத்தும் செலவுக்கு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. சென்சார், ரோபோ உறுப்புகள், முப்பரிமாண அச்சு இயந்திரம், அளவுக் கருவிகள் எல்லாம் அதில் அடங்கும். நாடு முழுதும் 10,000 ஆய்வகங்கள் அமைந்தன. விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும், சமவெளியில் 1,500 சதுர அடி இடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள், வகுப்பறைக்கே இடம் போதாத பள்ளிகளை வெளியே நிறுத்திவிட்டன. 2025 மத்திய நிதிநிலை அறிக்கை, அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் என்று அறிவித்தது.

தமிழ்நாட்டு அரசு தன் பாதையில் வந்தது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம், தறி வீட்டுத் திண்ணையிலும் ஆட்டுப்பட்டி ஓரத்திலும் கணினியைக் கொண்டு வைத்தது. பின்னர் 3,090 உயர்நிலைப் பள்ளிகளிலும் 2,939 மேல்நிலைப் பள்ளிகளிலும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. முன்னதில் தலா பத்துக் கணினி, பின்னதில் தலா இருபது. புதிய பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசி அலகில் ஸ்கிராட்ச் இடம்பெற்றது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூர் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள 13,210 அரசுப் பள்ளிகளுக்கு அறிவியல் சோதனைப் பொருட்களோடு ஆட்களை அனுப்பியது. அது ரோபாட்டிக்ஸ் அல்ல. ஆனாலும் கரும்பலகையில் வரைந்த சோதனையைக் கையால் செய்து பார்க்கும் பழக்கத்தை அது தொடங்கி வைத்தது. கிட்டைவிட அந்தப் பழக்கமே முக்கியம். 2025-இல் ‘டி.என். ஸ்பார்க்’ என்ற பெயரில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புக்குச் செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ், இணையக் கருவிகள் அடங்கிய பாடத்திட்டம் வந்தது.

வகுப்பில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கோடு பின்பற்றும் வண்டி நன்றாகக் காட்டும். எந்த ஊரிலும் தொடக்கப் பாடம் அதுதான். வெள்ளைச் சார்ட் தாளில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வளைத்து ஒட்டுவார்கள். வண்டியின் மூக்கில் இரண்டு அகச்சிவப்பு சென்சார், கோட்டுக்கு இருபுறமும். வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு டேப் விழுங்கிவிடும். இடது சென்சார் கறுப்பைக் கண்டால் வண்டி வலப்பக்கம் ஒதுங்கிவிட்டது என்று பொருள். இடது மோட்டாரை நிறுத்து, வண்டி இடப்பக்கம் திரும்பும். நிரல் இவ்வளவுதான், நான்கு நிபந்தனைகள். ஆனால் முதல் ஓட்டத்தில் வண்டி ஒழுங்காகப் போவது அபூர்வம். மோட்டார் ஒயர் மாறியிருந்தால் கோட்டைக் கண்டதும் எதிர்ப்பக்கம் ஓடும். சன்னல் வழியே வெயில் விழுந்தால் சென்சார் குழம்பி, எல்லாம் வெள்ளை என்று சொல்லும். சென்சாரின் மேலிருக்கும் சின்னத் திருகைத் திருப்புளியால் மெல்லத் திருப்பி, வெயிலுக்கேற்ப உணர்திறனைச் சரிசெய்ய வேண்டும். அந்தத் திருகைத் திருப்பும் ஐந்து நிமிடத்தில் ஒளி, எதிரொளிப்பு, மின்தடை என்று மூன்று பாடங்கள் ஒருவர் கைக்குள் வந்து சேர்கின்றன.

தூரம் அளக்கும் சென்சாரும் அப்படியே. காதுக்குக் கேட்காத 40,000 ஹெர்ட்ஸ் ஒலியை அது அனுப்பும். ஒலி சுவரில் மோதித் திரும்பிவரும் நேரத்தை அளக்கும். ஒரு மில்லி நொடியில் ஒலி 34 சென்டிமீட்டர் போகும், அந்த நேரத்துக்குள் அது போய்த் திரும்பியிருந்தால் சுவர் 17 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இரண்டால் வகுக்க மறந்த குழுவின் வண்டி, சுவர் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று நம்பிப் போய் மோதும். அந்த மோதலை ஒருமுறை பார்த்த பிள்ளை ஒலி அலகில் அந்தக் கணக்கைப் பிறகு தவறவிடுவதில்லை.

மொழி இதில் ஒரு தடை. பலகைக்கு எழுதும் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்வழி மாணவர் தர்க்கத்தைச் சரியாகப் பிடித்த பிறகும் எழுத்துப் பிழையில் சிக்கிக்கொள்கிறார். கட்டங்களை இழுத்துப் பொருத்தும் முறை அந்தச் சிக்கலைப் பாதி தீர்க்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழி, கட்டளைகளையே தமிழில் எழுத முடியும் என்று காட்டியது. பள்ளிப் பாடத்திட்டம் அந்த வழியை இன்னும் கையில் எடுக்கவில்லை, எடுக்க வேண்டும்.

இன்னொரு தடை, கிட் வந்து சேர்ந்த பிறகு தொடங்குவது. பேட்டரி தீரும், மோட்டாரின் பல்சக்கரம் தேயும், ஒயர் அறும். ஐம்பது ரூபாய்ப் பொருள் ஒன்று இல்லாமல் முழுக் கிட்டும் அலமாரிக்குள் போய்விடும். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் தொலைந்தால் பொறுப்பு தம் தலையில் விழும் என்று அஞ்சும் ஆசிரியர் அதைப் பிரிக்கவே தயங்குவார். ஆறு பேருக்கு ஒரு கிட் என்றால் இருவர் செய்வார்கள், நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள். 2012-இல் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் கணினி ஆசிரியர்களும் உண்டு. வாரத்தில் சில அரை நாட்களே பள்ளியில் இருக்கும் அவர்களிடம் ஒரு முழுப் பாடத்தை நடத்தச் சொல்வது நியாயமும் இல்லை, நடைமுறைக்கும் ஒவ்வாது. தக்கிளியைத் தோற்கடித்த குறை இங்கேயும் காத்திருக்கிறது.

ஆனால் 1953-க்கும் இன்றைக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு, அதைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது. ரோபாட்டிக்ஸ் கிட் எந்தச் சாதியின் தொழிலும் அல்ல. நெசவாளர் மகளும், மேச்சேரி ஆடு மேய்ப்பவர் மகனும், மேட்டூர் ஆலைத் தொழிலாளி பிள்ளையும் அதன் முன் ஒரே நாளில் கற்கத் தொடங்குகிறார்கள். கையில் திருப்புளி பிடிப்பதால் யாரும் தாழ்ந்துவிடுவதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் நியாயமாக வெளியே தள்ளப்பட்ட கைவேலை, பிறப்போடு இருந்த கட்டு அறுந்து பள்ளிக்குத் திரும்ப இதைவிட நல்ல வாய்ப்பு வந்ததில்லை.

அந்த வாய்ப்பு நிலைக்க, கிட்டுக்குத் தேவை மூன்று: கால அட்டவணையில் பறிபோகாத பாடவேளை, முழுநேரக் கணினி ஆசிரியர், உதிரிப் பாகத்துக்கு ஆண்டுதோறும் சிறு தொகை. மூன்றையும் தருவது மாநில அரசின் பொறுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் இவற்றைக் கேட்டுத் தீர்மானம் போட வேண்டும்.